எட்டுக் கொடுத்தேன், ஒன்பது வந்தது

புதுக்குடி ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மாருக்கும், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் அந்த இரண்டு நாளும் எங்களோடு இருந்த அத்தனை பேருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வணக்கம்.

விடிந்தால் கிறிஸ்துமஸ். பிள்ளையை உறங்கவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். சென்னைக்கு வந்து நான்கு நாளாகிவிட்டது. இன்னமும் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினால் மழைதான் என்று திடுக்கிட்டு எழுந்து பிள்ளையின் துணியைத் தொட்டுப் பார்க்கிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், என்னைவிட அதிகமாகவே தெரியும். உங்கள் ஊரைச் சுற்றித் தண்ணீர் நின்ற நேரத்தில்தான் எங்களுக்கு உலை வைத்தீர்கள். டிசம்பர் 17 ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டு, வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்த ஏறக்குறைய 800 பேரில் நாங்கள் மூன்று பேர். பிரசவத்துக்கு நாசரேத்துக்கு வந்திருந்த நான், பண்டிகைக்கு முன் என்னை வீட்டுக்காரரிடம் கொண்டுவிடப் புறப்பட்ட அப்பா, ஐந்து மாத மகள்.

முதல் நன்றி ஓர் ஆச்சிக்கு. பெயர் தெரியாது. அதனால்தான் இப்படி எல்லோர் முன்னாலும் எழுத வேண்டியதாயிற்று.

பையில் இருந்த டயாப்பர் முதல் இரவே தீர்ந்தது. பிறகு அம்மா பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருந்த எட்டு இடுப்புத்துணிதான். ஐந்து மாதப் பிள்ளைக்கு எட்டுத் துணி அரை நாளைக்குக் காணாது. பெட்டிக்குள் கம்பியில் கட்டினோம், சீட்டின் முதுகில் விரித்தோம். காற்றே ஈரமாக இருக்கும்போது எது காயும்? திங்கள் மதியத்துக்குள் எட்டும் ஈரம். என் துப்பட்டாவைச் சுற்றினேன், அதுவும் நனைந்தது. பிள்ளையின் கால் சில்லிட்டுப் போய், தும்மல் தொடங்கியிருந்தது.

கோயிலில் சாப்பாடு போடுகிறார்கள் என்று ஊர்ப் பையன்கள் வந்து கூப்பிட்டார்கள். அப்பா குடை பிடிக்க நானும் இறங்கிப் போனேன். சோறு முன்னால் வந்ததும் எனக்குக் கை எழவில்லை. கோயிலில் படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். அப்பா ஜெபித்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். நான் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆச்சி என் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த சிலுவையையும் பார்த்திருப்பார்.

“படைக்கலம்மா. ஒங்களுக்குன்னு பொங்குனதுதான். பால் குடுக்கிறவ வயித்தக் காயப் போடாத.”

குரலில் வருத்தமோ குத்தலோ துளியும் இல்லை. நான் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பிள்ளையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் கையில் ஈரம் பட்டிருக்க வேண்டும்.

“பச்சப்புள்ளைய ஏன் இப்பிடி ஈரத்துலயே போட்டிருக்க?”

“துணி ஒண்ணும் காயல ஆச்சி.”

“எல்லாத்தையும் குடு. அடுப்புல காட்டிக் கொண்டாறேன்.”

கொடுக்கத் தயங்கினேன். இதை மறைத்தால் இந்த நன்றி பாதி பொய்யாகிவிடும். ஈரமோ காய்ந்ததோ, எங்களிடம் இருந்தது அந்த எட்டுத்தான். இந்த மழையில் யார் வீட்டு அடுப்பு, எந்தத் தெரு, திரும்பி வருவாரா? அப்பா, “குடும்மா” என்றார். கொடுத்தேன். ஒரு மணி நேரம் போனது, இரண்டு மணி நேரம் போனது. மூன்றாவது மணியில் என் மனசு அவரைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டது. ஆச்சி, அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இருட்டும் நேரத்தில் அவர் எங்கள் பெட்டியைத் தேடிப் பிளாட்பாரத்தில் வந்தார். மழைக்குச் சாக்கைத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். தலையில் ஒரு சருவம், அதன்மேல் கவிழ்த்த தட்டு. அதற்குள்ளே ஏதோ சாப்பாடு என்றுதான் நினைத்தேன். தட்டை எடுத்தார். மடித்து அடுக்கின துணி! கையை வைத்தேன், சூடாக இருந்தது. வெந்நீரில் அலசி, பரணில் கிடந்த ஓலையை எரித்து, ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக் காயவைத்திருக்கிறார். வழியில் ஒரு சொட்டு மழை படக்கூடாது என்று சருவத்துக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த நாளில் காய்ந்த ஓலை ஒன்று ஒரு வீட்டுக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும்.

எண்ணினேன், ஒன்பது இருந்தது. ஒன்று கூடுதல் என்று சொன்னேன்.

“அது என் பழைய சேல. நூல் சேல, மெத்துன்னு இருக்கும். வச்சுக்க” என்றார். உட்காரச் சொன்னேன். ராத்திரி உலைக்கு ஆள் தேடுவார்கள் என்று போய்விட்டார். துணியெல்லாம் புகை வாசம். அதில் சுற்றிப் படுக்கவைத்ததும் என் மகள் நான்கு மணி நேரம் தூங்கினாள், ஞாயிறு இரவுக்குப் பிறகு முதல் தடவையாக.

நான் காய்ந்த துணி கேட்டு ஜெபிக்கவே இல்லை. அப்படி ஒன்று கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. ஞாயிறு இரவு முழுக்க நான் கேட்டது ஒன்றே ஒன்று: “ஆண்டவரே, ரயிலை எடுக்கச் செய்யும்.” பக்கத்தில் அப்பா, “இருக்கிற இடத்துல எங்களைக் காத்துக்கொள்ளும் தகப்பனே” என்று ஜெபித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சின்னதாகக் கேட்கிறாரே என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. பிறகுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் சிலீப்பர் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது. நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருந்தால் அதன்மேல்தான் போயிருப்போம்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நாங்கள் பிழைத்தோம் என்பதற்காக எங்களை மட்டும் அவர் கண்ணோக்கினார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே தண்ணீரில் வீட்டையும் ஆடுமாட்டையும் ஆட்களையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஜெபித்தவர்கள்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குக் கிடைத்ததை மட்டும்தான் சாட்சி சொல்ல முடியும்.

சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் எலியா தீர்க்கதரிசியின் கதையைக் கேட்டிருக்கிறேன். பஞ்ச காலத்தில் கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் அவருக்கு அப்பம் கொண்டுவந்தன. ஆறு வற்றினதும் கர்த்தர் அவரை சீதோனைச் சேர்ந்த சாறிபாத்துக்கு அனுப்பினார். அது எலியாவுக்குப் பகையான யேசபேல் ராணியின் சொந்த நாடு. அங்கே தன் பிள்ளைக்கே கடைசிப் பிடி மாவு வைத்திருந்த ஒரு விதவையிடம் எலியாவைச் சாப்பிட அனுப்பினார். இயேசு இந்தக் கதையை நாசரேத்து ஜெபஆலயத்தில் எடுத்துச் சொன்னபோது, இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருக்க அந்நிய தேசத்தாளிடம் அனுப்பப்பட்டாரே என்றபோது, கேட்டவர்கள் கோபம் கொண்டு அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். எங்கள் ஊருக்கும் அதே பெயர்தான். இந்தக் கதையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன்! ஒரு தடவைகூட அந்த ஊர்க்காரர்கள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்ததில்லை. உதவி வந்தால் சபையிலிருந்து வரும், சொந்தத்திலிருந்து வரும், இல்லாவிட்டால் அதிகாரிகளிடமிருந்து வரும் என்று கர்த்தருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தேன். அவரோ கோயில் வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆச்சியை எழுப்பினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இன்னும் பலர். ரயிலை மேலே விடாமல் நிறுத்திவைத்த நிலைய அதிகாரிக்கும் ஊழியர்களுக்கும். பிள்ளைகளுக்குப் பால் கொண்டுவந்தவர்களுக்கு. தன் பவர் பேங்க்கை வரிசையாக எல்லோருக்கும் கொடுத்த கல்லூரித் தம்பிக்கு. ரொட்டியும் பேரீச்சம்பழமும் பங்கிட்ட காயல்பட்டினம் குடும்பத்துக்கு. ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த ஊரில் தங்கள் வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமலேயே எங்களை விசாரித்தார்கள். தண்ணீருக்குள் நடந்தபோது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்ட மீட்புப் படை வீரருக்கு. வாஞ்சி மணியாச்சி வரை கொண்டுவந்த பஸ் டிரைவருக்கும், அங்கிருந்து எங்களை ஏற்றிவந்த சிறப்பு ரயில்காரர்களுக்கும். எல்லோரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

எங்கள் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார், ஊழியத்துக்கென்று. கைப்பிடி அரிசி. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு நான் அதை விட்டுவிட்டேன், மாதம் ஒரு தொகை அனுப்பினால் போதுமென்று. எங்களுக்குச் சோறு போட்ட அரிசி உங்கள் வீடுகளிலிருந்து வந்தது என்று ஆச்சி சொன்ன பிறகு என் மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை ஒரு டப்பாவைக் கழுவிக் காயவைத்தேன். நேற்றுவரை ஆறு பிடி சேர்ந்திருக்கிறது. அது நிறையும்போது யாருக்குப் போக வேண்டும் என்பதை இனி நான் முன்கூட்டியே முடிவு செய்யப்போவதில்லை.

ஆச்சியைத் தெரிந்தவர்கள் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்குச் சளி விட்டுவிட்டது, நன்றாகப் பால் குடிக்கிறாள் என்று சொல்லுங்கள். திருச்செந்தூர் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும் அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், வந்து பெயர் கேட்டுக்கொள்கிறேன்.

அதிகாலை ஆராதனையில் மரியாள் பிள்ளையைத் துணிகளில் சுற்றி, மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னணையிலே கிடத்தினதை வாசிப்பார்கள். என் மகளுக்கு அவள் அத்தை புதுக் கவுன் வாங்கிவைத்திருக்கிறாள். கவுனுக்குமேல் சுற்றிக்கொண்டு போக, ஆச்சியின் அந்த ஒன்பதாவது துணியைத் தலைமாட்டில் எடுத்துவைத்திருக்கிறேன். இரண்டு தடவை துவைத்தும் புகை வாசம் போகவில்லை.

இப்படிக்கு,
நாசரேத்தில் கைப்பிள்ளையோடு ரயிலேறிய தாய்
சென்னை, டிசம்பர் 24, 2023