12,000 ராண்ட் போதுமா, தங்கச்சி?

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டாயே, "அக்கா, 12,000 ராண்ட் சம்பளத்தில் தனியாக இருக்க முடியுமா?" என்று. உன் அம்மா பக்கத்தில் நின்றதால் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது கணக்குப் போட்டிருக்கிறேன். தமிழிலேயே எழுதுகிறேன், நீ எழுத்துக் கூட்டியாவது படித்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் இதே கேள்வியோடு இன்னும் பல பேர் இருப்பதால் எல்லாரும் பார்க்கும்படியே போடுகிறேன்.

முதலில் கைக்கு வருவது எவ்வளவு? ஆண்டுக்கு 1,44,000 ராண்ட். அதில் வரி 18 சதவீதம், அதாவது 25,920. எல்லாருக்கும் கழித்துக் கொடுக்கும் 17,235 போக 8,685. மாதம் 724 ராண்ட் ஆகிறது. யு.ஐ.எஃப்., அதாவது வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 1 சதவீதம், 120. மீதி 11,156. இது 2025 மார்ச்சில் தொடங்கிய வரியாண்டின் கணக்கு. கம்பெனியில் பென்ஷன் பிடித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இதைச் சின்னத் தொகை என்று நினைத்துவிடாதே. அதே மார்ச்சில் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். வாரம் 45 மணி நேரம் உழைத்தாலும் மாதம் 5,600 சொச்சம்தான். அதில் பிள்ளை வளர்ப்பவர்கள் உன் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஆனாலும் உன் விஷயத்தில் எனக்குச் சம்பளத்தைப் பற்றிக் கவலை இல்லை. எத்தனை டாக்சி ஏற வேண்டும் என்பதில்தான் கவலை. (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே டாக்சி என்றால் வாடகைக் கார் இல்லை, பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் வேன். பின்சீட்டுக்காரர் காசை முன்னால் கடத்துவார், முன்சீட்டில் இருப்பவர் சில்லறை எண்ணுவார். கணக்கு வராதவர்கள் முன்னால் உட்காரக் கூடாது.)

வேலை உம்லாங்காவில். நீ பார்த்திருக்கும் அவுட்பில்டிங், அதாவது பின்கட்டு அறை, சாட்ஸ்வொர்த்தில். முதலில் டவுனுக்கு ஒரு டாக்சி, டாக்சிகள் கூடும் வாரிக்கில் இறங்கி நடந்து இன்னொரு டாக்சி. போக வர 90 ராண்ட் என்று வை, 22 நாளைக்கு 1,980. காலையும் மாலையும் சேர்த்து மூன்று மணி நேரம் வண்டியிலேயே போகும்.

இந்தத் தூரம் தானாக வந்ததில்லை. உன் ஆயாவின் அம்மா மேகசின் பாரக்ஸில் இருந்தவர் என்று நீதான் சொன்னாய். டர்பன் மாநகராட்சி வேலைக்காரர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், இருந்த குடியிருப்பு அது. நெருக்கடியான இடம்தான், ஆனால் டவுனுக்கு நடந்தே போய்விடலாம். 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தை வைத்து 1960களில் அந்தக் குடும்பங்களை இருபது கிலோமீட்டர் தள்ளிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்கு யாரோ வரைபடத்தில் போட்ட கோட்டுக்குத்தான் உன் சம்பளத்தில் இருந்து இன்றும் மாதம் 1,980 போகப்போகிறது. எனக்கு இதை நினைத்தால் எரிச்சல் அடங்குவதே இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். அறைக்கு 4,000, டாக்சி 1,980, சாப்பாட்டுக்கு 2,200, போனுக்கும் டேட்டாவுக்கும் 400, சோப்பு ஷாம்பு 300. வீட்டுக்குத் தரும் 1,500ஐ நிறுத்த மாட்டாய், எனக்குத் தெரியும். மொத்தம் 10,380. மிச்சம் 776.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. உனக்கு இங்கிலாந்து நேரத்துக்கு வேலை. அவர்கள் கோடையில் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. ஆகவே அக்டோபர் கடைசியில் இருந்து மார்ச் கடைசி வரை அவர்களுடைய ஐந்து மணி நமக்கு ஏழு. ஏழுக்குக் கிளம்பி வாரிக் வந்து சேரும்போது சாட்ஸ்வொர்த் டாக்சி குறைந்திருக்கும். ஊபர் பிடித்தால் ஒரு தடவைக்கு 250. மாதத்தில் நாலு தடவை பிடித்தாலே 776ம் போய்க் கடனில் நிற்பாய்.

அதனால் என் யோசனை, உம்லாங்காவுக்குக் கிட்டே இருக்கும் ஃபீனிக்ஸில் அறை எடு. உன் அம்மா மூக்கைச் சுளிப்பார், சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு அது பழைய வியாதி. அங்கேயும் அறை ஏறக்குறைய இதே வாடகைதான். ஆனால் மவுண்ட் எட்ஜ்கோம்ப் வழியாக ஒரே டாக்சி. போக வர 40 ராண்ட், மாதம் 880. மாதம் 1,100 மிச்சம், நாளுக்கு இரண்டு மணி நேரத் தூக்கமும் மிச்சம். உம்லாங்காவிலேயே தனி வீடு என்ற ஆசையை இப்போதைக்கு விட்டுவிடு. 8,000க்குக் குறைந்து கிடைத்தால் எனக்கும் சொல்.

சாப்பாட்டுக்கு 2,200 போதுமா என்பாய். நம் சமையலுக்குப் போதும். அரிசி, பருப்பு, பீன்ஸ், முட்டை, பால், காய்கறி, சமையல் எண்ணெய், எதற்கும் 15 சதவீத வாட் கிடையாது. பில்சர்ட் என்கிற மத்தி மீன் டின்னுக்கும் இல்லை. உன் ஆயாவின் டின்ஃபிஷ் கறி சர்க்கார் ஆசி பெற்ற பதார்த்தம்! கோழிக்கு வரி உண்டு. பிரவுன் ரொட்டிக்கு இல்லை, வெள்ளை ரொட்டிக்கு உண்டு, ஆக ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் பன்னி சௌ சாப்பிடும்போதெல்லாம் வரியும் சாப்பிடுகிறாய். புரட்டாசி மாதம் கையில் காசு தங்குவதைக் கவனித்திருப்பாயே.

இன்னும் இரண்டு விஷயம். மூன்று பே ஸ்லிப் வந்ததும் துணிக்கடையில் இருந்து கடன் அக்கவுண்ட் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். திறக்காதே. அப்புறம், அவசரத்துக்கு என்று 1,000 ராண்டைத் தொடாமல் வை. பல்வலி வந்து தனியார் டாக்டரிடம் போனால் மருந்தோடு 500 ஆகும்.

அறை பார்க்கும்போது கரண்டுக்குத் தனி பிரீபெய்ட் மீட்டர் இருக்கிறதா என்று முதலில் கேள். நான் கல்யாணமாகி இங்கே வந்த வருடம் ஒரு பின்கட்டு அறையில் இருந்தோம். வீட்டுக்காரர் மாதாமாதம் கரண்டுக்கென்று ஒரு தொகை சொல்வார், நாங்களும் கொடுப்போம். ஒரு மாதம் 900 கேட்டார். இவர் சந்தேகப்பட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். உள்ளே வீட்டுக்காரர் குளியலறையில் சோப்புத் தலையோடு கத்தினார். அவர்கள் வீட்டுக் கீசர் எட்டு மாதமாக எங்கள் இணைப்பில் ஓடியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஃபீனிக்ஸுக்கு அறை பார்க்கப் போவதாக இருந்தால் என்னையும் கூப்பிடு. நீ வாடகை பேசு, சுவிட்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா