சமக்குறி போட்டு ஆங்கிலச் சொல் படிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில் வாராவாரம் வரும் ஆங்கிலச் சொற்பட்டியலைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் தோல்வி, பயனின்மை, அலங்காரம் என்று மூன்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று ஒரு வரிசை, நடுநடுவே சமக்குறி. அந்தச் சமக்குறியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாலை நேரத்தில் எஸ்எஸ்சி எனும் மத்திய அரசுப் பணித் தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அநேகமாக எல்லோரும் தமிழ் வழியில் படித்தவர்கள். உங்கள் பட்டியலைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, பஸ்ஸில் நின்றபடியே மனப்பாடம் செய்கிறார்கள். அவர்கள் அதை அவ்வளவு நம்புவதால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் ஒரு பெண்ணிடம் அவள் அக்கா கல்யாணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொன்னேன். அழகாக எழுதியிருந்தாள். ஆனால் பட்டுப்புடவையும் நகையுமாக அக்காவை அலங்கரித்திருந்தார்கள் என்று சொல்ல வந்த இடத்தில் 'கப்பாரிசன்' என்ற சொல்லைப் போட்டிருந்தாள். குதிரைக்கும் யானைக்கும் போர்த்தும் அலங்காரத் துணிக்கு உரிய சொல் அது. திருச்சூர் பூரத்தில் நெற்றிப்பட்டம் கட்டி வரிசையாக நிற்கும் யானைகளைப் பற்றி எழுதும்போது ஆங்கிலப் பத்திரிகைகள் அதைத்தான் போடும். நாம் முகபடாம் என்கிறோமே, அந்த மாதிரி. இதைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "பேப்பர்ல அப்படித்தானே மிஸ் போட்டிருக்கு" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அடார்ன் = அரே = டெக் = கப்பாரிசன். விளிம்பு மடங்காமல், நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டியிருந்தாள். அவள் மேல் என்ன தப்பு?

தோல்விப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஃபியாஸ்கோ இருக்கிறது. இத்தாலிய மொழியில் அதற்குக் குப்பி என்று பொருள். அங்கே நாடகக்காரர்கள் மேடையில் ஆட்டம் கெட்டுப்போனதைக் குப்பியைச் சொல்லிக் குறித்ததிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நாலு பேர் பார்க்க நடந்த சொதப்பல் அது. டெபாக்கிள் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. உறைந்து கிடந்த ஆறு, பனிக்கட்டி உடைந்து திடீரென்று பெருக்கெடுப்பதுதான் அதன் மூலப்பொருள். அதனால் சேனை சிதறி ஓடினாலோ, ஒரு கட்சி தேர்தலில் மண்ணைக் கவ்வினாலோ அந்தச் சொல் பொருந்தும். அபார்டிவ் என்பது கரு கலைவதோடு சேர்ந்த சொல். முளையிலேயே கருகிப்போன ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குச் சொல்லலாம். கணக்குப் பரீட்சையில் பெயிலானதற்குச் சொல்ல முடியாது. ஃபவுண்டர், ஃப்ளவுண்டர் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டிருக்கிறீர்கள். முன்னது, கப்பலில் தண்ணீர் ஏறி அது முழுகிப்போவது. பின்னது, சேற்றில் கால் புதைந்தவன் தத்தளிப்பது. தத்தளிக்கிறவன் கரையேறலாம், முழுகிய கப்பல் ஏறாது. இதற்கு நடுவில் சமக்குறி போட்டால் எப்படி?

எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கம். நமத்துப் போன வெடியைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. டேம்ப் ஸ்குவிப் என்ற தொடரை, "ஆர்ப்பாட்டமாகப் பற்றவைத்து, வெடிக்காமல் புஸ்ஸென்று போன சமாசாரம்" என்று ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் அதை மறக்கவில்லை. பிசுபிசுத்தது, ஊத்திக்கொண்டது, சறுக்கியது, கவிழ்ந்தது என்று தமிழிலும் தோல்விக்கு எத்தனை சொற்கள்! எந்தப் பிள்ளையும் அவற்றை இடம் மாற்றிப் போடுவதில்லை. படம் ஊத்திக்கொள்ளும், போராட்டம் பிசுபிசுக்கும். அந்த நுட்பம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வரும்போது நாம்தான் அதைக் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

தேர்வுக்கு இது போதும் என்று நீங்கள் நினைக்கலாம். எஸ்எஸ்சியின் பட்டதாரி நிலைத் தேர்வில் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தப்பான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். சொல்லைக் கொடுத்து அதே பொருளுள்ள சொல் எது என்று நேராகக் கேட்டால் உங்கள் பட்டியல் உதவும். அதை மறுக்கவில்லை. ஆனால் அதே தேர்வில் பத்தியைக் கொடுத்து, நடுவில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் கேள்வியும் வருகிறது. தீயை அணைக்க எடுத்த முயற்சி எப்படி முடிந்தது என்று ஒரு இடம் விட்டு, ஃப்யூடைல், வொர்த்லெஸ், ஃபெக்லெஸ், ஓஷியோஸ் என்று நான்கு சொற்களைக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாமே உங்கள் பயனின்மைப் பட்டியலில் உள்ளவை. வகுப்பில் பாதிப் பேர் வொர்த்லெஸ் என்று குறித்தார்கள். அது மதிப்பில்லாத பொருளுக்கு, அதாவது செல்லாக்காசுக்கு. ஃபெக்லெஸ் ஆளைச் சொல்வது, நம் உதவாக்கரை. ஓஷியோஸ் பெரும்பாலும் தேவையில்லாத பேச்சுக்கும் எழுத்துக்கும், மிகைபடக் கூறுவதற்கு. முயற்சி வீணானால் ஃப்யூடைல். அதன் லத்தீன் வேர்ச்சொல் ஒழுகும் பாத்திரத்தைக் குறிக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் என்று நாம் சொல்வதேதான்! இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

வெயின் என்ற சொல்லைப் பயனின்மை, அலங்காரம் என்ற இரண்டு தலைப்பின் கீழும் காணோம். சேர்த்திருக்கலாம். லத்தீனில் வெறுமை என்று பொருள். முயற்சி வெறுமையாய்ப் போனாலும் வெயின், தன் அழகில் தானே மயங்கிக் கிடப்பவரும் வெயின். பவுடரும் சீப்பும் வைத்துக்கொள்ளும் வேனிட்டி பேக் அந்தக் குடும்பம்தான். வீணும் சிங்காரமும் அங்கே ஒரே வேரில் நிற்கின்றன.

ஆங்கிலேயர்களுக்கும் இந்த வேலை லேசாக இருந்ததில்லை. பேச்சில் எந்தச் சொல்லை எங்கே எடுப்பது என்று விளக்கவே ஹெஸ்டர் பியோட்சி என்ற ஆங்கில எழுத்தாளர் 1794-ல் இரண்டு தொகுதி எழுதினார். 1852-ல் வந்த ரோஜேயின் தெசாரஸ், பொருள்வாரியாகச் சொற்களைத் திரட்டிக் கொடுத்தது, விளக்கம் கொடுக்கவில்லை. அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர், நாக்கு நுனியில் நிற்கும் சொல்லைப் பிடிக்க அது போதும். டிட்டிவேட் என்றால் கண்ணாடி முன் நின்று கடைசியாகச் செய்யும் சின்னத் திருத்தம் என்றும், பெடைசன் என்றால் கண்ணைக் குத்தும் பகட்டு என்றும் அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கிளை நூலகத்துப் பெஞ்சில் அவர்களுக்குக் கிடைப்பது உங்கள் பக்கம் ஒன்றுதான்.

அதனால் கேட்கிறேன். பதினைந்து சொற்கள் வேண்டாம், ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் அது யாருக்கு, எதற்கு என்று தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். இடம் அதே இடம்தான் பிடிக்கும்.

அந்தப் பெண் இப்போது நோட்டில் சமக்குறிகளை அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் குறித்து வருகிறாள். கப்பாரிசனுக்கு 'யானை, குதிரை'. ப்ரீன் என்பது பறவை அலகால் இறகைக் கோதுவது என்று சொன்னேன், அதற்கு நேராக 'மைனா' என்று எழுதியிருக்கிறாள்.

அடுத்த வாரம் கோபம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஆங்கர் பக்கத்தில் இண்டிக்னேஷன் கட்டாயம் வரும். அநியாயத்தைக் கண்டு வரும் கோபம் அது என்ற ஒரு வரியையாவது சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.