கருங்கோடுகளையும் சேர்த்துப் படமெடுங்கள்

பழைய இதழ்களை மின்வடிவில் சேமித்துவரும் நூலகத்தாருக்கும் ஆவணக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

தங்கள் உழைப்பால் பயன்பெறும் வாசகன் என்னும் உரிமையில் இதை எழுதுகிறேன். மின்பதிப்புகள் சிலவற்றில் பக்க ஓரங்கள் வெட்டுப்படுகின்றன. விளம்பரப் பகுதிகள் விடுபடுகின்றன. கட்டுரைகள் மட்டும் வெறும் எழுத்துகளாக எஞ்சுகின்றன. செய்தியை அறிய இது போதும், துக்கத்தை அறியப் போதாது.

அச்சுக்கோத்த காலத்தில், பத்திகளுக்கு நடுவே நிற்கும் உலோகக் கோட்டின் மேல்விளிம்பு மெல்லியதாகவும் அடிப்பகுதி தடித்ததாகவும் இருக்கும். பெருந்தலைவர் ஒருவர் இறந்தால் அச்சகத்தார் அதைத் தலைகீழாக நிறுத்துவார்கள். பக்கமெங்கும் கனத்த கருங்கோடுகள் விழும். 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டபோது அமெரிக்க நாளேடுகள் இக்கோலத்தில் வந்தன. கோடுகளுக்கு இடையே இருந்தவையோ நேரக் குறிப்போடு அடுக்கப்பட்ட வறண்ட தந்திகள்.

நம் இதழ்களில் துக்கம் சொல்தேர்விலும் தெரிந்தது. ‘சிவபதம் அடைந்தார்’, ‘பரமபதம் எய்தினார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, ‘வபாத்தானார்’, ‘இயற்கை எய்தினார்’ என்ற ஒவ்வொன்றும் இறந்தவரின் சமயத்தையோ கொள்கையையோ அறிவித்துவிடும். இவை அனைத்தையும் ‘மரணச் செய்தி’ என்று ஒரே தலைப்பில் அடைக்கும் அட்டவணை அந்த வேற்றுமையை அழித்துவிடுகிறது. இறந்தவர்மேல் பாடும் இரங்கற்பாக்களான சரமகவிகளையும் விட்டுவிடலாகாது. அவற்றுள் சில இறந்தவரைவிடப் பாடிய புலவரையே நினைவூட்டும் என்பது வேறு.

விளம்பரப் பகுதியை விடுவதால் நேரும் இழப்புக்கு 1975ஆம் ஆண்டே சான்று. நெருக்கடிநிலைத் தணிக்கைக்கு நடுவில், ஜூன் 28 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் மரண அறிவிப்புப் பகுதியில் ஒரு சிறு விளம்பரம் வந்தது. ‘ஜனநாயகம்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஆள்பெயர்போல் பிரித்தெழுதி, உண்மையின் கணவராகவும் சுதந்திரத்தின் தந்தையாகவும் உறவுமுறை கூறி, அவர் ஜூன் 26 அன்று காலமானதாக அது அறிவித்தது. துக்க அறிவிப்பின் பழகிய வாய்பாடே அங்கு எதிர்ப்புக்கு மறைவிடமாயிற்று.

ஆகவே, இதழ்களை அட்டை முதல் அட்டை வரை ஓரங்களோடு படமெடுக்கவும், கருங்கட்டமிட்ட பக்கங்களைப் பட்டியலில் தனியே குறிக்கவும் வேண்டுகிறேன். இதழ்களைச் சேர்த்து நூலாகக் கட்டியபோதே ஓரம் நறுக்கப்பட்ட தொகுதிகளாயின், அதையும் ஒரு வரியில் பதிந்துவையுங்கள். கட்டமே இல்லாத பக்கம் எது, கட்டத்தை இழந்த பக்கம் எது என்று பின்னர் தேடுவோருக்குத் தெரிய வேறு வழியில்லை.

இப்படிக்கு,
பழைய இதழ் வாசகன் ஒருவன்