சாவிக்கொத்து வேணாம்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு தம்பி வலிப்பு வந்து விழுந்துட்டான், உடனே ஆளாளுக்கு சாவிக்கொத்தை கையில திணிக்குறாங்க, ஒருத்தர் வாய்க்குள்ள ஸ்பூன் வைக்கவே போயிட்டார், பதறிட்டேன் சார். எல்லாருக்கும் நல்ல மனசுதான், ஆனா இரும்பால வலிப்பு நிக்காது, பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானாவே நின்னுடும். நாம செய்ய வேண்டியது தலைக்கு கீழ துண்ட மடிச்சு வச்சு, கைகால அமுக்கிப் பிடிக்காம, துடிப்பு அடங்குனதும் ஒருக்களிச்சு படுக்க வைக்கணும், அப்பதான் எச்சில் மூச்சுக்குழாய்ல போகாது. முழுசா தெளியுற வரைக்கும் தண்ணி, சோடா எதுவும் கூடாது. 5 நிமிஷம் தாண்டுனா 108க்கு போன் போடுங்க. இத பஸ் ஸ்டாண்டுலயே போர்டா எழுதி வைக்கலாமே சார்?

— ஒரு வாசகி, மதுரை