தொப்பூர் இறக்கத்தில் கியரை எடுக்காதே

ராசிபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அம்மா நலம். முழங்கால் வலி பழையபடிதான்.

தீபாவளிக்கு வராததற்குப் பெட்ரோல் விலையைச் சொன்னாய். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டித்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓசூரிலிருந்து இங்கே வர 190 கிலோமீட்டர் பக்கம். போக வர 380. உன் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் 25 லிட்டருக்கு மேல் போகும். அதே வண்டி 19 கொடுத்தால் 20 லிட்டரில் முடிந்துவிடும். 500 ரூபாய் மிச்சம். ஹைவேயில் அது 19 கொடுக்க வேண்டிய வண்டிதான் தம்பி. வாங்கும்போது நான்தானே ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் அந்த 15 எப்படி வந்தது? டேஷ்போர்டில் காட்டுவதை மட்டும் நம்பாதே. பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பிவிட்டு டிரிப் மீட்டரை ஜீரோவில் வை. 400 கிலோமீட்டர் ஓடியதும் அதே பங்கில் அதேபோல் நிரப்பு. ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பார். நான் பஸ் ஓட்டிய டெப்போவில் எங்கள் கே.எம்.பி.எல்.லை, அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை, இப்படித்தான் பார்த்தார்கள்.

டயரில் காற்றை மாதம் இரண்டு தடவை பார். காலையில், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்னால். எவ்வளவு என்று டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். காற்றுக் கடைப் பையனைக் கண்ணால் பார்த்து அடிக்க விடாதே. அப்புறம், வண்டியை நிறுத்தியதும் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார். பின்னாலிருப்பதைவிட முன்சக்கரம் சூடாகத்தான் இருக்கும். ஆனால் இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் தெரிந்தால், ஒரு பக்கம் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று அர்த்தம். நீ போடும் பெட்ரோல் அங்கே கருகிக்கொண்டிருக்கும். கட்டில் கொண்டுபோகக் கட்டிய கேரியர் இன்னும் மேலேயே இருக்கிறதாம், அதைக் கழற்று. சும்மா இருந்தாலும் அது காற்றை வாங்கும். 80-இல் போகிறவன் 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்காகிறது. ஓசூர் சிக்னலில் வண்டியை ஆஃப் செய். ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? எங்கள் டெப்போவில் 20 வருஷம் ஓட்டியவர்களுக்குக்கூட உன் கால் வராது. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு எரிவதற்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பாய். நான் அம்மாவிடம் பெருமையாகச் சொல்வேன். அப்படிப்பட்டவன் இப்போது 110-இல் போகிறாய் என்று மருமகள் சொல்கிறாள். அவளைத் திட்டாதே, நான் கேட்டதால்தான் சொன்னாள்.

சரி, எழுத வந்தது இது இல்லை.

போன வாரம் பாப்பா போனில் பேசினாள். "அப்பா இறக்கத்துல நியூட்ரல் போட்டுடுவாரு தாத்தா, பெட்ரோல் மிச்சமாம். நீங்க சொல்லிக் கொடுத்ததாமே" என்றாள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உன் வண்டியில் அதனால் மிச்சம் எதுவும் இல்லை தம்பி. கியரில் வைத்துக் காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரல் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் விட்டே ஆக வேண்டும். அதோடு இன்ஜின் பிடிமானமும் போய், முழுப் பாரமும் பிரேக்கில் வந்து விழும். தருமபுரி தாண்டித் தொப்பூர் இறங்கும்போது பார்த்திருப்பாய், நியூட்ரலில் வராதே என்று லாரிக்காரர்களுக்கு எத்தனை போர்டு. அந்தக் கணவாயில் எத்தனை குடும்பம் போயிருக்கிறது. சாவியை ஆஃப் செய்து உருட்டுவதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காதே. பிரேக் இறுகிவிடும், ஸ்டீயரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும்.

பாப்பா சொன்னது பொய்யில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினேன். 1994 ஆடிப் பதினெட்டு, ஒகேனக்கல் ஸ்பெஷல். நீ பஸ்ஸுக்குள் என் பக்கத்தில் இன்ஜின் பானெட் மேல் உட்கார்ந்திருந்தாய். தொப்பூர் இறக்கத்தில் நான் நியூட்ரலுக்குத் தள்ளியதும் "பஸ் பறக்குதுப்பா" என்று கைதட்டினாய். அந்த மாதம் கே.எம்.பி.எல். பட்டியலில் என் பேர் முதலில் இருந்தது. அதை விடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

பாதி இறக்கத்தில் பிரேக் லைனிங் கருகும் வாசனை வந்தது. மிதிக்க மிதிக்க, பிரேக்கின் காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் கேஜில் முள் இறங்கியது. அந்த வேகத்தில் கியர் திரும்ப விழவில்லை. ஓரத்து மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். கண்டக்டருக்குக் கை முறிந்தது. உன் நெற்றித் தழும்பு அன்று வந்தது.

ரிப்போர்ட்டில் "பிரேக் ஃபெயிலியர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் பிரேக் அட்ஜஸ்ட் செய்து அனுப்பியது யார் தெரியுமா? உன் பேரிங் மாமா. உனக்குப் பேரிங் வண்டி செய்து கொடுத்த அதே மனுஷன். அவருக்கு மெமோ வந்தது, ஒரு வருஷம் இன்கிரிமென்ட் நின்றது. "என் கையில எங்க தப்பு வந்துச்சுன்னு தெரியலையே" என்று என்னிடமே வந்து கேட்டார். நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவர் சாவுக்குப் போனபோதும் அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கும் தெரியாது. நாளைக்கு இதைப் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் தபாலில் போடுவேன். அவர் மகன் ஆத்தூரில் இருக்கிறான். அடுத்த வாரம் போய்ச் சொல்லப்போகிறேன்.

அன்றைக்கே உன்னிடம் நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்றைக்கு நீ பாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய மாட்டாய்.

கம்பெனியில் ஓவர்டைம் நிறுத்திவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் கேட்கவில்லை. பொங்கலுக்கு வர பெட்ரோலுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றால் உனக்குக் கோபம் வரும், அதனால் அதையும் எழுதவில்லை. பஸ்ஸில் வந்தாலும் சரிதான், சேலம் புது பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

வண்டியில் வந்தால் காலையிலேயே காற்றைப் பார்த்துவிட்டுப் பகலில் கிளம்பு. தொப்பூரில் இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடு, கீழே இறங்கும் வரை எடுக்காதே. ஓமலூர் வந்ததும் ஓரமாக நிறுத்தி ஒரு போன் செய். அதுவரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அப்பா