4294967297: விடை வந்துவிட்டது, 641 ஏன்?

அன்புள்ள கண்ணம்மா,

4294967297-ஐக் காரணிகளாகப் பிரி என்று கேட்டிருந்தேன். "கணினியில் போட்டேன் அப்பா, 641 × 6700417 என்று ஒரு நொடியில் வந்துவிட்டது, அவ்வளவுதானே" என்று எழுதியிருந்தாய். விடை சரி. ஆனால் அந்த 641 எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கவே இல்லையே, எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இந்த எண். இதே வரிசையில் முன்னால், 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள், அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-ல் கணிதர் ஆய்லர் 641-ஐக் காட்டி அதை உடைத்தார்.

கையால் தேடுவதாக வைத்துக்கொள். வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது, அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது யாரால் ஆகும்? இப்படி யோசி: ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்றால், 2-இன் 32-ஆம் அடுக்கை அதனால் வகுக்கும்போது மீதி −1 (இன்னும் 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும் என்று பொருள்), வர்க்கமாக்கினால் 64-ஆம் அடுக்குக்கு மீதி 1, அதற்கு முன்னால் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது, பிறகும் 64-இன் மடங்குகளில் மட்டுமே வரும். ஃபெர்மாவின் சிறிய தேற்றம், 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணிலும் 1 குறைத்து, அந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 என்கிறது. இதோடு சேர்த்தால், அந்தப் பகா எண்ணில் 1 குறைத்தால் வருவது 64-ஆல் வகுபட்டே தீரும். ஃபெர்மாவின் தேற்றமே ஃபெர்மாவின் நம்பிக்கையைச் சாய்க்கிறது, பார்த்தாயா! இப்போது 65, 129, 193 என்று 64 64-ஆக ஏறு, பகா அல்லாததைத் தள்ளு. 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மாட்டிக்கொள்கிறது.

அந்த வகுத்தலைக்கூடச் செய்ய வேண்டாம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 641 என்பது 5 × 128 + 1, அதுவே 625 + 16-உம்கூட. முதலாவதன்படி 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1, 128 என்பது 2-இன் 7-ஆம் அடுக்கு, நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு) என்பதற்கு மீதி 1. இரண்டாவதன்படி 625-க்குப் பதில் −16 போடலாம். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு, ஆக 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. முடிந்தது. தாளில் நீயே ஒருமுறை எழுதிப் பார், படித்தால் மட்டும் போதாது.

இன்னொன்று. நம் எண்ணிலிருந்து 2 குறைத்தால் வரும் 4294967295, மேலே சொன்ன அந்த ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன்! அதனால்தான் அவை எதுவும் நம் எண்ணை வகுக்க முடியாது, மீதி எப்போதும் 2. மேலே 257-ஐச் சோதித்ததுகூடத் தேவையில்லை என்று இப்போது தெரிகிறதா?

அடுத்தது 2-இன் 64-ஆம் அடுக்கோடு 1. இங்கே 64-க்குப் பதில் 128. விடை மூன்று லட்சத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஐந்து வகுத்தலில் சிக்காது. தேடலை இன்னும் பாதியாகக் குறைக்க ஒரு வழி உண்டு, அதை நீயே கண்டுபிடித்து எழுது. கணினியை அதுவரை கேட்காதே.

அன்புடன்,
அப்பா