தமிழை என் விரலுக்குக் கொண்டுவந்தவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நான் பொறந்ததிலேர்ந்தே பார்வை இல்லாதவ. ஸ்கூல்ல விரலால தடவிப் படிக்கிற பிரெய்ல் புள்ளி எழுத்தை மலாய்லயும் இங்கிலீஷ்லயும் நல்லாவே சொல்லிக்கொடுத்தாங்க, ஆனா வீட்டுல பேசுற தமிழை மட்டும் யாராச்சும் வாசிச்சாத்தான் உண்டு, இல்லன்னா போன் வாசிக்கணும். கேக்குறதும் படிக்கிறதும் ஒண்ணு இல்லங்க. படிக்கிறப்ப எங்க நிறுத்தணும், எந்த வரியைத் திரும்பத் தடவணும்னு நாமதான் முடிவு பண்றோம்.

கேஎல் (கோலாலம்பூர்) பிரிக்பீல்ட்ஸ்ல மசாஜ் கடை வச்சிருக்கிற அங்கிளுக்குத்தான் மொத நன்றி. அவருக்கும் பார்வை இல்ல, சின்ன வயசுல தமிழ்நாட்டுல படிச்சவரு. கடைசி கஸ்டமர் போனதும் களைப்பைப் பாக்காம எனக்காக உக்காருவாரு. 1951ல இந்திய மொழிங்களுக்குப் பொதுவா பாரதி பிரெய்ல் வந்துச்சு, தமிழும் அதுலதான், உனக்குத் தெரிஞ்ச அதே ஆறு புள்ளிதாம்மான்னு அவர் சொன்னப்புறம்தான் எனக்கு பயமே போச்சு. க, ப, ம, ல எல்லாம் நான் சின்னதுலயே படிச்ச கே, பீ, எம், எல்தான்! மெய்யெழுத்துக்கு மட்டும் பழக நாளாச்சு. அச்சுல புள்ளியை எழுத்து மேல வைப்பாங்களாம், நமக்கு ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளி வைக்கிற ஒரு கட்டம், அதுல நாலாம் புள்ளி மட்டும் வச்ச தனி கட்டம் எழுத்துக்கு முன்னாடியே வந்துடும். "தமிழ்"னு எழுத த, ம, இ, நாலாம் புள்ளி, ழ, மொத்தம் அஞ்சு கட்டம். கொம்பு, கால் எதுவும் கிடையாது, "கொ"ன்னா க, ஒ, அவ்வளவுதான், வாய் சொல்ற வரிசையிலயே விரலுக்கும் வருது, எனக்கு அது அவ்வளவு புடிச்சிருக்கு.

செகாம்புட் டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. காதால மட்டும் தமிழ் கேட்டவளுக்கு ந, ன எல்லாம் ஒரே சத்தம், ர, ற-வும் அப்படித்தான். விரலுக்கு எல்லாம் வேற வேற வடிவம், ஆனா எந்த வார்த்தைக்கு எதுன்னு யார் சொல்லுவா? ரிட்டையர் ஆனப்புறமும் நான் எழுதின ஒவ்வொரு வரியையும் போன்ல எழுத்தெழுத்தா சொல்ல வச்சுத் திருத்துனீங்க, ஒருநாள்கூட அலுத்துக்கல டீச்சர்.

செந்தூல் அண்ணன் ராத்திரி முழிச்சு திருக்குறளை டைப் பண்ணிக்கொடுத்தாரு, பிரெய்ல் பிரிண்டர்ல அடிச்சுக்கொடுத்த தங்கச்சி காசே வாங்கல. அந்த தடிமன் காகிதக் கட்டை எல்ஆர்டி ரயில்ல கூட்டத்துக்கு நடுவுல புள்ளி அமுங்காம மடியில வச்சுக் கொண்டாந்தது எங்க அண்ணி. எல்லாருக்கும் மனசார நன்றி.

இப்ப தினமும் காலையில ஒரு அதிகாரம் நானே படிக்கிறேன், அம்மாவுக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுறேன்.

கேஎல்ல தமிழ் பேசுற வீட்டுல பார்வை இல்லாத பிள்ளைங்க இருந்தா சொல்லுங்க. பிரெய்ல் எழுதுற சிலேட்டு, புள்ளி குத்துற ஸ்டைலஸ், காகிதம் எல்லாம் நான் தரேன். சனிக்கிழமை சாயங்காலம் அங்கிள் கடையிலேயே உக்காந்து சொல்லிக்கொடுக்கலாம், அவர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு.